பிரிந்து வாழும் பெண், பிடித்தவரிடம் தானே முதலில் பேசலாமா?

மலேசியாவின் பாடாங் செராயிலிருந்து 36 வயதுத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். கணவரைப் பிரிந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆகிறது. விவாகரத்து ஆகவில்லை, "அவர் தரமாட்டேன் என்கிறார்." பத்து வயதில் மகன், ஆறு வயதில் மகள். தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு விலை வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். கூலிமில் தொழிற்சாலை வேலை. அதே ஷிப்டில் வேலை செய்யும் டெக்னீஷியன் ஒருவர், மனைவியை இழந்து பையனை வளர்ப்பவர், மரியாதையாகப் பழகுகிறார். அவர்மேல் இவருக்கு மனம் போயிருக்கிறது. அவராக வாய் திறக்கப்போவதில்லை என்பதும் தெரிகிறது. "நானே முதலில் பேசலாமா? மலிவாக நினைத்துவிடுவாரா? அம்மாவிடமும் பிள்ளைகளிடமும் என்ன சொல்வது? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதே லைனில் எப்படி வேலை செய்வது?" இவைதான் கேள்விகள்.

பேசலாம் தங்கச்சி. சொல்லப்போனால், நீங்கள்தான் பேச வேண்டும்.

குடும்ப வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அவர்கள் சொல்வதை மலாயில் எழுதுவது, கூடப் போய் உட்கார்ந்திருப்பது என்று பல வருடம் ஓடியது. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான். பிரிந்து வாழும் பெண்ணைப் பற்றிய பேச்சு ஒருநாளும் சும்மா கிடக்காது. அவள் சொல்லாவிட்டால் கணவர் ஒரு கதை சொல்வார், நாத்தனார் ஒரு கதை சொல்வார், கேன்டீனில் உட்கார்ந்திருப்பவர்கள் மூன்றாவதாக ஒன்றைக் கட்டுவார்கள். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகும் பக்கத்து வீட்டில் இருப்பது அதே தோட்டத்து ஆட்கள்தானே. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் உங்கள் விஷயத்தை முதலில் யார் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அந்த மனிதரிடம், அம்மாவிடம், மகனிடம், அதற்கும் முன்னால் ஜே.பி.என். என்கிற தேசியப் பதிவிலாகா அலுவலகத்தில்.

ஜே.பி.என்.னை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது அந்த ஒரு வரிதான்: "அவர் தரமாட்டேன் என்கிறார்." விவாகரத்து கணவர் தரும் பொருள் இல்லை. நீதிமன்றம் தருவது. அவர் சம்மதித்தால் வழி சுருக்கம், இருவரும் சேர்ந்து கூட்டு மனு போடலாம். சம்மதிக்காவிட்டால் நீங்கள் ஒருவரே மனு போடலாம். கணவன் மனைவி தொடர்ந்து இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருந்தால், திருமணம் முறிந்துவிட்டது என்று காட்ட அதுவே ஒரு ஆதாரம். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.

நம் ஊர்ப் பெண்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இரண்டு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்து ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆகாது. நீங்கள் கேட்காதவரை எத்தனை வருடம் ஆனாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அவருடைய மனைவிதான். இன்னும் சிலர் போலீஸ் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக எடுத்து வருவார்கள். "அன்றைக்கே பாலாய்க்குப் போய் எழுதி வைத்துவிட்டேன்கா, இனி எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். அந்த ரிப்போர்ட்டுக்குப் பயன் உண்டு, எப்போது வீட்டை விட்டு வந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. ஆனால் திருமணத்தை அது முடிக்காது. கோயில் தலைவர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளும் முடிக்காது. தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டாலும் முடிக்காது.

இந்த நம்பிக்கைகள் ஆகாயத்திலிருந்து வந்தவை இல்லை. 164 என்ற எண்ணில் நாம் சொல்லும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் தோட்டத்தில் தாலி கட்டினால் கல்யாணம், அவ்வளவுதான். ஒத்துவராவிட்டால் பெரியவர்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். பிரிந்தவர்கள் வேறொருவரோடு சேர்ந்து குடும்பம் நடத்தியதும் உண்டு. உங்கள் பாட்டி தலைமுறையில் விசாரித்துப் பாருங்கள், ஒன்றிரண்டாவது கிடைக்கும். வெட்டிய ரப்பர் பாலுக்கான காசைத் தன் கையில் வாங்கிய பெண்கள் அவர்கள், யாரோடு வாழ்வது என்பதில் அவர்களுக்கும் ஒரு சொல் இருந்தது. இன்றைக்குப் "பொம்பள வாயத் திறந்து கேட்கலாமா" என்கிறவர்கள் அந்தக் கதைகளை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆனால் பஞ்சாயத்துக் காலத்து முடிவு இப்போது செல்லாது. விவாகரத்து ஆகாமல் கோயிலில் இன்னொரு தாலி கட்டிக்கொண்டால் அந்தத் திருமணம் செல்லாது, குற்றமும் ஆகும். குற்றவியல் சட்டம் 494ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. "பதிவு செய்யாமல் சும்மா கோயிலில் முடித்துக்கொள்வோம்" என்று யார் யோசனை சொன்னாலும் காது கொடுக்காதீர்கள், சொல்பவர் அந்த மனிதராகவே இருந்தாலும்.

ஒருவராக மனுப் போடும் வழி இப்படி. முதலில் தேசியப் பதிவிலாகாவில் சமரசக் குழுவுக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் உறுப்பினர்களும் இருப்பார்கள், இந்தப் பக்கம் நீங்கள். வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். நான் அழைத்துப் போன ஒரு பெண் இரவு ஷிப்ட் முடிந்து, யூனிபார்மோடு, கழுத்தில் பாஸ்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். கணவர் வரவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. "சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்றார். "ஏன்" என்றார்கள். வீட்டில் எத்தனையோ வருடம் சொல்ல முடியாததை அங்கே பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். வெளியே வந்ததும் அழுவார் என்று நினைத்தேன். "பசிக்குதுக்கா" என்றார், ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். உங்கள் கணவரும் வராமலே இருக்கலாம். அதனால் விஷயம் நின்றுவிடாது. சமரசம் முடியவில்லை என்று குழு சான்று கொடுக்கும், அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் மனு. தீர்ப்பு முதலில் இடைக்காலத் தீர்ப்பாக வரும். வழக்கமாக மூன்று மாதம் கழித்து அது இறுதியாகும். அந்த இறுதித் தீர்ப்பு கையில் வந்த பிறகுதான் மறுமணத்துக்குப் பதிய முடியும். வருமானம் குறைவு என்றால் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் கேளுங்கள், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன.

அப்படியென்றால் எல்லாம் முடியும்வரை அவரிடம் பேசக்கூடாதா? பேசலாம். தேனீர் குடிப்பதும் சேர்ந்து சாப்பிடுவதும் மனம்விட்டுப் பேசுவதும் எந்தச் சட்டத்துக்கும் விரோதம் இல்லை. ஆனால் உடல் உறவு என்று போனால் கதை வேறு. உங்கள் கணவர் அதைக் காரணம் காட்டி வழக்கில் எழுதினால், அந்த 164ஆம் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி அந்த மனிதரும் வழக்குக்குள் இழுக்கப்படுவார், அவரிடம் நஷ்டஈடும் கேட்கலாம். மனைவியை இழந்து, பையனை வளர்த்துக்கொண்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு அப்படி ஒரு தலைவலியை அவருக்கே தெரியாமல் கொடுக்கக் கூடாது. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்பதை நீதிமன்றம் பிள்ளைகளின் நலனை வைத்துத்தான் முடிவு செய்யும். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பதுதான் சட்டத்தின் தொடக்க நிலை, மாற்றிக் காட்டுவது எதிர்த் தரப்பின் வேலை. அதற்கான சாமானை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஜீவனாம்ச உத்தரவு வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்தாலோ இன்னொருவரோடு சேர்ந்து வாழ்ந்தாலோ உங்களுக்கு வரும் தொகை நின்றுவிடும். பிள்ளைகளுக்கு வருவது அதனால் நிற்காது.

ஆகவே விண்ணப்பம் கொடுத்துவிட்டு அவரிடம் பேசுங்கள். "விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு பேசும் பெண்ணின் குரலே வேறு மாதிரி இருக்கும்.

இனி, எப்படிப் பேசுவது. யாரையும் தூது அனுப்பாதீர்கள். கேன்டீன் அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, உங்கள் வார்த்தை அவர் வாயில் போய் வரும்போது வேறொன்றாகியிருக்கும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீளமாகக் கொட்டுவதும் வேண்டாம். எழுத்தில் போனது ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றும், நாளைக்கு வழக்கிலும் வரும். நேரில், ஷிப்ட் முடிந்து லாக்கர் பக்கம் நடக்கும்போது, இரண்டே வரி போதும்.

"ஞாயித்துக்கிழமை காலையில கூலிம்ல சாப்பிடப் போலாமா? உங்ககிட்ட கொஞ்சம் பேசணும், வேலை விஷயம் இல்ல."

இதில் நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, வேலை விஷயம் இல்லை என்பதும் இருக்கிறது. புரிய வேண்டியது புரிந்துவிடும். வர விருப்பமில்லை என்றால் "இந்த வாரம் முடியாது" என்று இருவருக்கும் சங்கடம் இல்லாமல் நழுவ அவருக்கும் வழி இருக்கிறது. இவ்வளவு நாள் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கொஞ்ச நாளைக்கு முன்னாலேயே அதை நிறுத்திவிடுங்கள். நம் ஆண்கள் அந்த அழைப்பைச் சீரியஸாக எடுத்துக்கொள்வார்கள், பாதிப் பேர் வாய் திறக்காததற்கு அதுவே காரணம்.

வந்து உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காதீர்கள். "நான் இன்னும் சட்டப்படி கல்யாணமானவதான். விவாகரத்துக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கேன், முடிய நாளாகும். உங்களப் பிடிச்சிருக்கு. பழகிப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். இப்பவே பதில் வேணாம்." அவ்வளவுதான். கணவர் என்னென்ன செய்தார் என்பதை முதல் நாளே அவிழ்க்க வேண்டாம். கேட்டால் ஒரு வரி சொல்லுங்கள். முதல் சந்திப்பிலேயே எல்லாக் கண்ணீரையும் கொட்டினால், எதிரில் இருப்பவர் உங்களை விரும்புகிறாரா, உங்களுக்காக இரக்கப்படுகிறாரா என்று அவருக்கே தெரியாமல் போகும். சாப்பாட்டுக் காசை நீங்கள் கொடுங்கள், கூப்பிட்டது நீங்கள்தானே.

மலிவாக நினைப்பாரா என்றீர்கள். நினைக்கிற ஆணும் இருக்கிறான். "கணவன் இல்லாதவள், தானாக வருகிறாள்" என்று கணக்குப் போடுகிறவன். ஆனால் அப்படிப்பட்டவன், நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் பேசியதால் அது சீக்கிரம் வெளியே வரும், நான் அதை லாபம் என்றே சொல்வேன். எப்படித் தெரியும்? பகலில் நாலு பேர் பார்க்க உங்களோடு வாழையிலைச் சாப்பாடு சாப்பிட அவருக்குச் சம்மதமா என்று பாருங்கள். எப்போதும் ராத்திரி மெசேஜ், "பினாங்கு பக்கம் போயிடலாம், இங்க யாராவது பார்த்துடுவாங்க", ஹோட்டல் ரூம் பேச்சு என்று போனால் முடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் பழகுவது வழக்குக்கும் நல்லது, மனிதரை எடைபோடவும் நல்லது. காசு விஷயமும் அப்படியே. உங்கள் பெயரில் மோட்டார் தவணை, கைப்பேசித் தவணை, கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்று எதுவும் வேண்டாம். "நீ என்னை நம்பலயா" என்று கேட்டால், பிள்ளைகளுக்காகச் சேர்க்கும் காசு என்று சொல்லுங்கள். அதற்குக் கோபிக்கிறவர் உங்களுக்கு வேண்டாம்.

பதில் சொல்ல அவருக்கு ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். ஒரு பெண்ணே முன்வந்து கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் நம் ஆண்கள். அமைதியாக இருக்கிறார் என்றால் மறுக்கிறார் என்று அர்த்தம் எடுக்க வேண்டாம், செத்துப்போன மனைவியை நினைத்துக்கொண்டிருக்கலாம், தன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். இரண்டாம் முறை மட்டும் கேட்காதீர்கள்.

செயலிகளில் துணை தேடுகிற பெண்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இஞ்சினியர், கப்பலில் கேப்டன், பார்சல் அனுப்பியிருக்கிறேன், கஸ்டம்ஸில் மாட்டிவிட்டது, இந்தக் கணக்குக்குக் காசு போடு என்று வந்தால் மோசடி. காசு போட்டுவிட்டால் உடனே மோசடிப் புகார் எண் 997க்குக் கூப்பிடுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு கைமாறிக்கொண்டே போகும்.

கணவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுதவில்லை. அடித்தவர், மிரட்டியவர் என்றால் நீங்கள் பழகும் செய்தி அவர் காதுக்குப் போகும் நாளுக்கு முன்னாலேயே தயாராக இருங்கள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பிரிந்து வாழும் மனைவிக்கும் விவாகரத்தானவருக்கும் பொருந்தும், பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். பின்னாலேயே வருவது, தொழிற்சாலை வாசலில் காத்து நிற்பது, ஓயாமல் போன் அடிப்பது எல்லாம் 2023 முதல் குற்றவியல் சட்டம் 507ஏ பிரிவில் தனிக் குற்றம். அவசரத்துக்கு அரசாங்கத்தின் தாலியான் காசே உதவி எண் 15999, எந்த நேரமும் கூப்பிடலாம்.

மகனுக்குப் பத்து வயது. உங்களுக்குத் தெரிவதைவிட அவனுக்கு அதிகம் தெரியும். தமிழ்ப்பள்ளி வேனில் இன்னொரு பையன் "உங்கம்மா அந்த அங்கிளோட..." என்று ஆரம்பிப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். "அம்மாவுக்கு வேலையிடத்துல ஒரு நல்ல நண்பர் இருக்கார். சில ஞாயித்துக்கிழமை அவரோட சாப்பிடப் போவேன். உனக்கு ஏதாவது கேட்கணும்னா எங்கிட்ட கேளு." வேறு யாரிடமும் அல்ல, உங்களிடம் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் தூக்கிவைத்துக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள். சின்னவளுக்கு இப்போது எதுவும் சொல்லத் தேவையில்லை. அவரை வீட்டுக்குக் கூட்டிவருவது வெகு நாள் கழித்து. வந்தாலும் அங்கிள்தான், அப்பா என்று கூப்பிடச் சொல்லிப் பழக்காதீர்கள். பிள்ளைகளின் அப்பாவைப் பற்றி அவர்கள் முன்னால் கெட்டதாகப் பேசவும் வேண்டாம். பிள்ளைகளை அவர் பார்க்க வரும் நாள் இருந்தால் அது அப்படியே நடக்கட்டும்.

அம்மாவிடம் சொல்வதுதான் உங்களுக்கு மிகவும் பயமாக இருக்கிறது என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், தாளை விரித்து அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளும்போது சொன்னார். கை வேலையில் இருந்ததால் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருவருக்கும் இல்லை. அந்த அம்மா ரொம்ப நேரம் கிள்ளிக்கொண்டே இருந்துவிட்டு, "பேர் என்ன?" என்றாராம். அப்புறம் திட்டும் விழுந்தது, அழுகையும் நடந்தது, ஒரு வாரம் பேச்சும் இல்லை. ஆனால் தெருவில் ஒருத்தி வந்து "உங்க மக..." என்று இழுத்தபோது, "எனக்குத் தெரியும், எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறா" என்று அந்த அம்மாவே வாயை அடைத்தார். உங்கள் அம்மாவும் அப்படியே நடப்பார் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் வெளி ஆள் வாயால் கேட்கும் தாய்க்கு வரும் கோபத்தில் பாதி, தன்னிடம் சொல்லவில்லையே என்ற வலிதான். அனுமதி கேட்கும் தொனியில் சொல்லாதீர்கள். 36 வயதில், இரண்டு பிள்ளைகளையும் வீட்டையும் சுமக்கிற நீங்கள் செய்தி சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டால். சொல்லலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு. அன்று இரவு வலிக்கும். மறுநாள் லீவு போடாதீர்கள், ஷிப்ட் மாற்றியும் கேட்காதீர்கள். ஒரு நாள் ஒளிந்தால் ஒரு மாதம் ஒளிய வேண்டி வரும். வழக்கம்போல் போய், மெஷின் நின்றால் வழக்கம்போல் அவரைக் கூப்பிடுங்கள். அவர் முகம் கொடுக்கச் சங்கடப்பட்டால் நீங்களே ஒரு தடவை சொல்லிவிடலாம்: "கேட்டேன், நீங்க பதில் சொல்லிட்டீங்க, அது போதும். மூணாம் நம்பர் மெஷின் மறுபடியும் நிக்குது, கொஞ்சம் வந்து பாருங்க." அதே நேரம் ஜே.பி.என். தேதி நெருங்கிக்கொண்டிருக்கும். திருமணச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், போலீஸ் ரிப்போர்ட் இருந்தால் அதுவும், எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்றாலும் வேண்டாம் என்றாலும் அந்த வேலை நிற்க வேண்டியதில்லை.